கார் பிரியருக்கு ஆறு நாள் பயணம்: கொல்லிமலை, கோவை, வால்பாறை

கேள்வி இது: கணவருக்கு நாற்பதாவது பிறந்தநாள் வருகிறது. கார் என்றால் உயிர். வீட்டில் இருப்பது 1 லிட்டர் டர்போ பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். சென்னையிலிருந்து கிளம்பி ஆறு நாளில் திரும்ப வேண்டும். இரண்டு பிள்ளைகள், அதில் சின்னவளுக்கு மலைப்பாதையில் வாந்தி வரும். ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை, ஏற்காடு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுற்று போட முடியுமா?

போட முடியும், ஆனால் போடாதீர்கள். கார் பிரியருக்கான பயணத்தில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது சாலை. ஊர் அதற்குப் பிறகுதான். நான்கு மலையை ஆறு நாளில் அடைத்தால் பெரும்பாலான நேரம் சுங்கச்சாவடிக்கும் லாரி வரிசைக்கும் போய்விடும். ஓட்டுகிறவர் ஒவ்வொரு மலையையும் களைத்துப்போன உடம்போடு, நடுப்பகல் நெரிசலில் ஏறுவார். இரண்டே மலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் விடிந்ததும் ஏறுகிற மாதிரி, முந்தின இரவு அடிவாரத்தில் தங்குங்கள். நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். காலை ஆறு மணிச் சாலையும் பதினோரு மணிச் சாலையும் ஒரே சாலை இல்லை.

நான் தேர்ந்தெடுப்பவை கொல்லிமலையும் வால்பாறையும். நடுவில் கோவைக்கு ஒரு முழு நாள். ஊட்டியை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் நாள் சென்னையிலிருந்து உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் வழியாக நாமக்கல். சுமார் 370 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் ஊர்களின் புறவழிச்சாலைகளைக் கவனித்து ஓட்டச் சொல்லுங்கள். நான்கு வழியில் நூறில் வந்த வண்டி திடீரென எதிரெதிர் போக்குவரத்துள்ள இருவழிக்குள் நுழைகிற இடங்களாகப் பல ஆண்டுகள் இருந்தவை அவை. அகலப்படுத்தும் வேலை நடந்த இடத்திலும் மாற்றுப்பாதைப் பலகைகள் இருக்கும். விடியற்காலை ஐந்துக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்கு நாமக்கல் போய்விடலாம்.

நாமக்கல்லில் தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது லாரிகளின் ஊர். வெறும் சேஸியாக (அடிச்சட்டமாக) வருகிற வண்டிக்குக் கூண்டு கட்டி, வர்ணம் அடித்து, எழுத்து எழுதிச் சாலைக்கு அனுப்புகிற பட்டறைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பக்கத்துத் திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போனது. சாயங்காலம் ஒரு பட்டறை வாசலில் நின்று, முதலாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு, உள்ளே போய்ப் பாருங்கள். சேஸியின் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அதன் மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் ‘யு’ வடிவ போல்ட்டுகள், பின்னால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பட்டை வில்கள் எல்லாம் மூடாமல் கண்முன்னே கிடக்கும். பத்து டன் எடை எந்த வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்கு விரலால் தொட்டே காட்டலாம். எந்த கார் ஷோரூமிலும் இது கிடைக்காது.

இரண்டாம் நாள் கொல்லிமலை. நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி அடிவாரம், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கையைக் கேட்டதும் உங்கள் கணவர் துள்ளுவார். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இது வேகமாக ஓட்டும் சாலையே அல்ல. அகலம் குறைவு, வளைவுக்கும் வளைவுக்கும் இடையே தூரம் கொஞ்சம்தான், முதல் கியரும் இரண்டாம் கியருமாகவே மேலே போக வேண்டும். இங்கே ருசிப்பது காலும் கையும் ஒத்துப்போகிற அந்த வேலைதான். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, பாதி வளைவில் கியரைக் குறைத்து, வண்டி திணறுவதற்குள் ஆக்சிலேட்டர் கொடுத்து வெளியே வருவது.

டர்போ என்பது என்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி. சின்ன டர்போ என்ஜினுக்கு இதில் ஒரு குணம் உண்டு. என்ஜினின் சுற்று நிமிடத்துக்குச் சுமார் 1500-க்குக் கீழே விழுந்தால் டர்போ தூங்கிவிடும். வளைவின் உட்பக்கம் செங்குத்தாக இருக்கும்போது இரண்டாம் கியரிலேயே பிடிவாதமாக இழுத்தால் வண்டி அதிர்ந்து நின்றுபோகும். கௌரவம் பார்க்காமல் முதல் கியருக்குப் போகச் சொல்லுங்கள். முடிந்தவரை கிளட்சைப் பாதி அழுத்தி வைத்துக்கொண்டு ஏறக் கூடாது. கருகிய வாடை வந்தால் ஓரம் கட்டிப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இன்னொரு பக்கம், இதே டர்போதான் மலை மேல் கை கொடுக்கும். கடல் மட்டத்திலிருந்து 1000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். டர்போ இல்லாத என்ஜின் அந்த அளவுக்குச் சக்தியை இழக்கும், டர்போ உள்ளது பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். ஏறி முடித்தவுடன் என்ஜினைப் பட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு அணைப்பது டர்போவுக்கு நல்லது.

மேலே போனதும் சோளக்காடு சந்தை, அறப்பளீசுவரர் கோயில், காட்சிமுனைகள் எனப் பார்க்க நிறைய உண்டு. ஆகாயகங்கை அருவியை மட்டும் யோசித்து முடிவெடுங்கள். கீழே இறங்கி ஏற ஏறத்தாழ ஆயிரம் படிகள். அதை முடித்து வருகிறவருக்குத் தொடை நடுங்கும். அந்தக் காலோடு 70 வளைவுக்கு கிளட்சும் பிரேக்கும் மாற்றி மாற்றி மிதிப்பது சரியில்லை. அருவிதான் வேண்டுமென்றால் அன்று இரவு மேலேயே தங்கிவிட்டு மறுநாள் இறங்குங்கள். இல்லையென்றால் மதியம் இறங்கி, திருச்செங்கோடு வழியாகக் கோவை. நாமக்கல்லிலிருந்து கணக்கிட்டால் சுமார் 150 கிலோமீட்டர்.

இறக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாம் கேள்விப்படும் மலைப்பாதை விபத்துகளில் பலவும் இறங்கும்போது நடப்பவை. ‘எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு’ என்று பழைய டிரைவர்கள் சொல்வது வேதவாக்கு. பிரேக்கைத் தொடர்ந்து மிதித்துக்கொண்டே வந்தால் பேடும் டிஸ்க்கும் சூடேறி, பிடிக்கும் தன்மை குறைந்துகொண்டே போகும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. பழைய ஆயிலில் சேர்ந்த தண்ணீர் அந்தச் சூட்டில் ஆவியாகிக் குமிழியானால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. கிளம்புவதற்கு முன் மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று செய்யச் சொல்ல வேண்டும் என்றால், இரண்டு வருடம் தாண்டிய பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுவேன். கியரில் இறங்கும்போது 1 லிட்டர் என்ஜின் வண்டியை இழுத்துப் பிடிப்பது பெரிய டீசல் என்ஜினைப் போல் இருக்காது. அதனால் மூன்றில் இறங்கலாம் என்று தோன்றும் இடத்திலும் இரண்டில் இறங்குவது நல்லது. நியூட்ரலில் விடுவதோ, பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து உருட்டுவதோ கூடவே கூடாது. என்ஜின் நின்றால் பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் சில மிதிகளில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும்.

ஏறும் வண்டிக்கு வழி விடுவது மரியாதை மட்டுமல்ல, விதியும் அதுதான். ஆனால் நீங்கள் ஏறும்போது, வளைவுக்கு முன் ஹார்ன் அடித்து, மேலே கண்ணை ஓட்டி, அரசுப் பேருந்து இறங்குவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே நின்றுவிடுங்கள். பேருந்துக்குத் திரும்ப அந்த வளைவின் முழு அகலமும் வேண்டும். பாதியில் மாட்டிக்கொண்டால் பின்னால் எடுக்க வேண்டியது நீங்கள்தான்.

மூன்றாம் நாள் கோவை. அவிநாசி சாலையில் ஜி.டி.நாயுடு அறக்கட்டளையின் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்பே பார்த்துக்கொண்டு, பாதி நாளை அதற்கே ஒதுக்குங்கள். ரோல்ஸ் ராய்ஸும் இருக்கிறது, பீட்டிலும் இருக்கிறது. விலையை மறந்துவிட்டு, என்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தச் சக்கரம் இழுக்கிறது, கதவு எப்படித் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் காரின் நூற்றாண்டு வரலாறே பிடிபட்டுவிடும். ஜி.டி.நாயுடு 1920-இல் ஒரு பேருந்தோடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தொழிலைத் தொடங்கியவர். அது பின்னாளில் யு.எம்.எஸ். என்ற பெரிய பேருந்து நிறுவனமானது. இந்தப் பொள்ளாச்சி–பழனிச் சாலையை நினைவில் வைத்திருங்கள், திரும்பும் வழியில் அதில்தான் வரப்போகிறீர்கள்.

ஊருக்குத் தெற்கே செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடம். பெயர் எஸ். கரிவரதனுடையது. மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கி, கைக்கெட்டாத விளையாட்டாக இருந்த கார் பந்தயத்தைப் பல இளைஞர்களுக்குத் திறந்துவிட்டவர் அவர். 1995-இல் விமான விபத்தில் இறந்தார். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர், 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டிய நரேன் கார்த்திகேயன், இதே கோவைக்காரர். அதனால் ஒரு கார் பிரியருக்குக் கோவையை ‘ஊட்டிக்குப் போகிற வழி’ என்று கடந்துபோவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன். தேசியப் பந்தயச் சாம்பியன்ஷிப்பின் சுற்றுகள் இந்தத் தடத்தில் நடக்கும். பயணத் தேதி உங்கள் கையில் இருப்பதால், பந்தய வாரஇறுதியோடு மூன்றாம் நாள் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். இருங்காட்டுக்கோட்டைத் தடம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதை இந்த ஆறு நாளில் சேர்க்காமல் வேறொரு ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அன்று மாலையே பொள்ளாச்சி அல்லது ஆழியாறு பக்கம் வந்து தங்கிவிடுங்கள். பொள்ளாச்சியிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள் வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள். எனக்குத் தமிழ்நாட்டில் மிகவும் பிடித்த சாலை இது. கொல்லிமலையில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: தாளம். வளைவுகளுக்கு இடையே மூன்றாம் கியர் போடுகிற அளவுக்குச் சாலை நீள்கிறது, நிதானமான வளைவுகள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகின்றன. ஆழியாறு அணையைத் தாண்டி, குரங்கு அருவிப் பக்கம் சோதனைச் சாவடி. காலையில் அது திறக்கும் நேரத்துக்கே அங்கே நில்லுங்கள். கீழே வறண்ட காடு. ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை, அங்கிருந்து பார்த்தால் அணை முழுதும் காலடியில். அந்த வட்டாரத்தில் வரையாடுகள் தடுப்புச்சுவர் மேலேயே நின்றுகொண்டிருக்கும். வண்டியை அதற்கான இடத்தில் நிறுத்தாமல் வளைவிலேயே நிறுத்திப் படமெடுக்கிறவர்கள் அங்கே அதிகம் என்பதால், ஒன்பதை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்தே வரவேண்டும்.

அட்டகட்டி தாண்டினால் காற்று மாறும். வாட்டர்ஃபால் எஸ்டேட்டில் தேயிலை தொடங்கும். கவர்க்கல் பக்கம் மூடுபனி வந்தால் பத்தடி முன்னால் எதுவும் தெரியாது. அப்போது ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைக் கூசும், லோபீம் போதும். ஓடிக்கொண்டிருக்கும்போது நான்கு இண்டிகேட்டரையும் மின்ன விடுவதும் வேண்டாம். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியாமல் போய்விடும்.

வால்பாறையில் இரவு தங்குங்கள். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலையைக் கடக்கும். அவை கடக்கவென்று மரத்துக்கு மரம் கட்டிய பாலங்கள் சாலைக்கு மேலே தொங்குவதைக் காணலாம். எதுவும் தின்னக் கொடுக்காதீர்கள், சாலையோரம் வரப் பழகிய குரங்கு அடிபட்டுச் சாகும். யானை நடமாட்டம் இருந்தால் எச்சரிக்க சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அந்தப் பக்கம் போகாமல் திரும்பிவிட வேண்டும். இருட்டிய பிறகு ஊர் சுற்றுவது, பிள்ளைகளைத் தேயிலைத் தோட்டத்தில் விளையாட விடுவது இரண்டும் வேண்டாம். சிறுத்தை உள்ள இடம்.

சின்னவளின் வாந்திக்கு வருகிறேன். காலையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். வெறும் வயிறும் ஆகாது, பொங்கலும் வடையும் ஆகாது. கையில் போன் இருக்கக் கூடாது, ஜன்னல் பாதி திறந்திருக்கட்டும், பார்வை தூரத்து மலை மேல் இருக்கட்டும். மாத்திரை கொடுப்பதானால் குழந்தை மருத்துவரிடம் அளவு கேட்டு, ஏறத் தொடங்குவதற்கு முன்பே கொடுங்கள். பத்து வளைவுக்கு ஒருமுறை இறங்கி நடக்கட்டும். மிச்சம் முழுக்க ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்து, வளைவுக்குள் ஒரே சீராக ஸ்டியரிங்கைப் பிடித்து, வெளியே வரும்போது மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்தால் பின்சீட்டில் தலை ஆடாது. உங்கள் கணவரிடம் இதை ஒரு பந்தயமாகவே வையுங்கள்: 40 வளைவும் ஏறி முடிக்கும்வரை மடியில் வைத்த தண்ணீர் டம்ளர் சிந்தக் கூடாது. நல்ல ஓட்டுநருக்கு நேரக்கணக்கை விட இது கடினமான சோதனை.

ஐந்தாம் நாள் காலை வெளிச்சத்தில் இறங்கி, பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகத் திண்டுக்கல். நாயுடுவின் பேருந்து ஓடிய வழி இது. புதிய நான்குவழிச் சாலையைத் தவிர்த்து, முடிந்தவரை பழைய சாலையிலேயே வாருங்கள். இடப்பக்கம் வயல், வலப்பக்கம் தொடர்ந்து மலை. இரவு திண்டுக்கல்லில் பிரியாணி. ஆறாம் நாள் திருச்சி வழியாகச் சென்னை, சுமார் 425 கிலோமீட்டர். இதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சீக்கிரம் கிளம்பினால் சரி.

எப்போது போவது? டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையில் அடைமழை, பாதையில் மண்ணும் மரமும் சரியும். ஐப்பசி, கார்த்திகையில் கொல்லிமலைப் பக்கம் மழை பிடிக்கும். பொங்கல் விடுமுறை வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனி ஊட்டி. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம். 2025 நவம்பர் முதல் வால்பாறைக்கும் அதே முறை வந்துவிட்டது, அதனால் கிளம்புமுன் பதிவு செய்துகொள்ளுங்கள். ஊட்டியில் கார் பிரியர்கள் கேட்டு வருவது கல்லட்டிப் பாதையைத்தான். மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவு, மிகச் செங்குத்து. அங்கே நடந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு வெளிமாவட்ட வண்டிகள் ஊட்டியிலிருந்து அதில் இறங்கத் தடை போட்டார்கள். குன்னூர்ப் பாதையோ பெரும்பாலான நாள் வாகன வரிசை. நீலகிரிக்குத் தனியாக நான்கு நாள் கொடுத்து, கோத்தகிரியில் தங்கி, வாரநாளில் போனால் அது வேறு அனுபவம். இந்தப் பயணத்தின் வாலில் ஒட்டவைத்தால் வீணாகும்.

சிலர் இதற்கென்றே பெரிய எஸ்யூவி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாமே என்பார்கள். என் கருத்தில் வேண்டாம். இந்தப் பாதைகளுக்கு உங்கள் சின்ன காரே பொருத்தம், பழகிய கிளட்ச் வேறு. அப்படியும் எடுப்பதானால் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள வண்டியாகப் பாருங்கள், ஓட்டுநர் இல்லாமல் வாடகைக்கு விட அனுமதி பெற்ற வண்டி அதுதான். வெள்ளைப் பலகைச் சொந்த வண்டியைக் காசு கொடுத்து எடுத்து விபத்தானால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது சிக்கல்.

டயர் காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டும், ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு. மலைக்கென்று குறைக்க வேண்டாம். புது டயர் போடுவதாக இருந்தால் பத்து நாள் முன்பே போட்டு ஊருக்குள் ஓட்டிவிடுங்கள், மேல்பூச்சுத் தேய்ந்து பிடிமானம் வரக் கொஞ்ச தூரம் ஆகும். ஸ்டெப்னியிலும் காற்று இருக்கிறதா பாருங்கள். ஃபாஸ்டேகில் பணம் போட்டு வையுங்கள்.

இதை அவருக்குத் தெரியாமல் வைத்துக் கடைசி நாளில் சொல்லலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். வரைபடத்தை விரித்து வளைவுகளைப் பெரிதாக்கிப் பார்ப்பது, டயரைத் தட்டிப் பார்ப்பது, மெக்கானிக்கோடு ஒரு சனிக்கிழமையைக் கழிப்பது எல்லாம் அவருக்குப் பயணத்தின் பாதி. தெரியாமல் வைக்க வேண்டியது மூன்றாம் நாளை மட்டும்தான். கோவையில் ஒரு நாள் சொந்தக்காரர் வீடு என்று சொல்லி வையுங்கள். பந்தய டிக்கெட்டும் வால்பாறை அறையும் முதலில் தீர்ந்துபோகக் கூடியவை, அவை இரண்டையும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள்.